புளியங்கொட்டைத் தேர்தல்

போன மாதம் ஒரு தேர்தலில் நின்று தோற்றேன்.

முனிசிபல் கவுன்சில் தேர்தல் என்றால் தோற்றதற்குக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். பணம் விளையாடிவிட்டது, ஜாதி பார்த்துவிட்டார்கள் என்று நாலு பேரிடம் புலம்பலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை. என்னைத் தோற்கடித்தவர்களில் மூத்தவருக்கே பதின்மூன்று வயதுதான். சிலருக்கு முன்பல் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டார் வீதியில் எங்கள் வாசகசாலை இருக்கிறது. நான் அதன் காரியதரிசி. காரியதரிசி என்றால்… காலையில் பேப்பர் வந்ததா என்று பார்ப்பவன். மாலையில் அந்தப் பேப்பரை யார் வீட்டுக்கு எடுத்துப் போனார் என்று தேடுபவன். யுத்தம் வந்த பிறகு இரண்டாவது வேலைதான் அதிகம்.

ஒருநாள் நாகரத்தினம் பிள்ளை வந்தார். பெரியகடை வீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஆணி முதல் கடப்பாரை வரை எதைக் கேட்டாலும் கிடைக்கும். யுத்த காலமானதால் இப்போது கேட்டால் மட்டும் கிடைக்கும், விலை கேட்கக் கூடாது.

"பிள்ளைங்களுக்குத் தமிழ்ல நல்ல புஸ்தகமா ஒண்ணு பார்த்து எடுங்க. எழுதினவங்களுக்கு நான் வெள்ளியில ஒரு கப் தரேன்" என்றார்.

நல்ல காரியம். பரிசு பெற்ற புத்தகத்தைச் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் வாசகசாலை சிபாரிசு செய்யும் என்று நாங்களும் சேர்த்துக்கொண்டோம்.

கமிட்டி கூடியது. தலைவர், ஸ்ரீரங்கம் திருமலாச்சாரியார். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அவருடைய சம்பளம்தான் ஓய்வு பெற்றது. குரல் இன்னும் வேலையில் இருக்கிறது. அப்புறம் நான். அப்புறம் உறையூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஞானம் டீச்சர்.

ஐந்து புத்தகங்கள் போட்டிக்கு வந்தன. இரண்டு பட்டணத்திலிருந்து. ஒன்று பாலக்கரையிலிருந்து. நான்காவது, 'நன்னடத்தைப் படிக்கட்டு' — ஆசிரியர், கமிட்டித் தலைவர் திருமலாச்சாரியார். ஐந்தாவது, 'சொன்னபடி கேட்ட கிளி' — ஆசிரியர், கமிட்டிக் காரியதரிசி, அதாவது அடியேன்.

இதில் தப்பிருப்பதாக எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. சௌகரியமாகத்தான் தோன்றியது. சங்கடம் என்னவென்றால், அவர் படிக்கட்டுக்குக் கொடுக்கலாம் என்றார். நான் கிளியைப் பற்றியும் யோசிக்கலாம் என்றேன். இரண்டு மீட்டிங் இப்படியே போயிற்று.

மூன்றாவது மீட்டிங்கில் ஞானம் டீச்சர் கேட்டார்.

"புஸ்தகம் யாருக்குங்க?"

"குழந்தைகளுக்கு" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அப்ப அவங்களே ஓட்டுப் போட்டு எடுக்கட்டுமே."

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குழந்தைகளைக் கேட்டா பரீட்சை வேண்டாம்னும்தான் ஓட்டுப் போடும். அதைச் செஞ்சுடலாமா?"

அன்று மீட்டிங்குக்கு வந்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்கோ யோசனை பிடித்துவிட்டது. கடைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். "போடட்டுங்க. நமக்கும் சண்டை மிச்சம்" என்றார். கோப்பை அவருடையது. முடிந்தது விவாதம்.

ஒரு காரியம் தனக்குப் பிடிக்காவிட்டாலும், செய்வதென்று முடிவானால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது ஹெட்மாஸ்டர் கட்சி. விதிகளை அவரே வகுத்தார். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், உறையூர் மூன்று ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் புத்தகங்கள் சுற்றி வரும். ஐந்தையும் படித்தவர்களுக்கே ஓட்டு. படித்தார்களா என்று ஞானம் டீச்சர் கேள்வி கேட்டுப் பார்ப்பார். இந்த விதியால் 'நன்னடத்தைப் படிக்கட்டை'க் கடைசிவரை ஏறியவர்களின் தொகை திடீரென்று உயர்ந்தது. அதுவரை நான் ஒருவன்தான்.

ஓட்டுச் சீட்டு? காகிதம் இருக்கிற இருப்பில் அதற்கு எங்கே போவது? புளியங்கொட்டை என்று தீர்மானமாயிற்று. புத்தகத்துக்கு ஒரு பிஸ்கட் டின், மூடியில் துவாரம், முன்னால் அட்டைப் படம். வீட்டிலிருந்து மடி நிறையக் கொட்டை கொண்டுவந்து கொட்டிவிட்டால்? அதற்கும் வழி செய்தார் ஹெட்மாஸ்டர். ஒவ்வொரு கொட்டையையும் ஒரு பக்கம் கருங்கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினார். தானே, தன் கையால். முனிசிபல் தேர்தலை நடத்த இவரைப் போடலாம் என்று தோன்றியது. போடமாட்டார்கள்.

படித்து முடித்த புத்தகங்கள் திரும்பி வந்தபோதே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. ஹெட்மாஸ்டர் புத்தகம் புத்தம் புதிதாக வந்தது. என் கிளி அட்டை மடங்காமல் வந்தது. பாலக்கரைப் புத்தகத்தைப் பார்த்தால் அட்டையே இல்லை. உறையூர்ப் பெண் ஒருத்தி நெசவு நூலை எடுத்து முதுகைத் தைத்து அனுப்பியிருந்தாள். பக்கமெல்லாம் விரல் கறை, எண்ணெய்க் கறை. ஒரு பக்கத்தில் கடலைமிட்டாய் ஒட்டியிருந்தது.

'அக்கரைக்குப் போன அம்புஜம்' என்று பெயர். எழுதியவர் கோமதி என்று ஓர் அம்மாள். கணவர் ரயில்வே புக்கிங் கிளார்க். இதற்கு முன் ஒன்றும் எழுதியதில்லை.

ஓட்டு நாள். வாசகசாலை ஹாலில் குழந்தைகள் வரிசையாக வந்து கொட்டை போட்டார்கள். பேச்சு மூச்சு இல்லை. பெரியவர்கள் தேர்தலில் இவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. ஹெட்மாஸ்டர் எல்லோருக்கும் எதிரில் டின்களைக் கவிழ்த்து எண்ணினார். ஒரு தடவை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை.

அம்புஜத்துக்குப் பாதிக்கு மேல். பட்டணத்துப் புத்தகங்கள் பரவாயில்லை. என் கிளிக்கு நாலு. 'நன்னடத்தைப் படிக்கட்டு'க்கு இரண்டு. அந்த இரண்டிலும் ஒன்று கை தவறி விழுந்தது என்று ஒரு பையன் பிற்பாடு சொன்னான். 'இரண்டு' என்பதை ஹெட்மாஸ்டர் மற்ற எண்களைப் படித்த அதே குரலில்தான் படித்தார். அதை நான் கவனித்தேன்.

என் மகள் வைதேஹிக்கும் ஓட்டு இருந்தது. பத்து வயது. திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். பெட்ரோல் பஞ்சத்தால் அடுப்புக்கரி எரித்து ஓட்டும் கரி பஸ்தான், காவிரிப் பாலம் ஏற முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. பேச நிறைய நேரம் இருந்தது.

"யாருக்குப் போட்டே?"

"சொல்லப்படாதுன்னு ஹெட்மாஸ்டர் மாமா சொல்லியிருக்கார்."

"அப்பாகிட்டேயுமா?"

"அப்பாகிட்டதான் முக்கியமா சொல்லப்படாதுன்னார்."

கொஞ்ச தூரம் வந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை.

"கிளிக் கதையிலே என்ன குறை? அதையாவது சொல்லு."

"குறையே இல்லேப்பா. அந்தக் கிளி தப்பே பண்ணலையே."

"தப்புப் பண்ணாம இருக்கறது நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா அதை ஏன் கதையாச் சொல்லணும்?"

இருபது வருஷமாக எழுதுகிறேன். இப்படி ஒரு விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. நல்லவேளை.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத என்னிடம் விஷயம் இருந்திராது. மறுநாள் பிள்ளை வாசகசாலைக்கு வந்தார். ஜெயித்த புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பின்னாலிருந்து புரட்டி, கடைசிப் பக்கத்தை நின்றபடியே படித்தார். முகம் மாறிவிட்டது.

"இந்தப் பொண்ணு பொய் சொல்லுதே" என்றார்.

சொல்கிறதுதான். கதை இது: அம்புஜம் இக்கரையில் இருக்கிறாள். அக்கரையில் ரயில் போகும் சத்தம் தினமும் கேட்கிறது. ரயிலைப் பார்த்ததில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பரிசல் ஏறிவிடுகிறாள். அக்கரையில் அத்தை வீடு இருக்கிறதென்று பரிசல்காரரிடம் ஒரு பொய். போகிறாள்; வெயிலில் காத்திருக்கிறாள்; ரயிலைப் பார்க்கிறாள்; சாயங்காலம் திரும்புகிறாள். 'எங்கேடி போயிருந்தே?' என்கிறாள் அம்மா. 'கோயிலுக்கு' என்று இரண்டாவது பொய். அம்மா சாதம் போடுகிறாள். போதுமென்று சொன்ன பிறகும் இன்னொரு கை தயிர்சாதம் வைக்கிறாள். முற்றும்.

"ரெண்டு பொய். ஒரு அடி கூட இல்லை. தயிர்சாதம் வேற" என்றார் பிள்ளை. "நாளைக்கு என் கப்பைப் பார்க்கிறவன் என்ன சொல்லுவான்? பொய் சொல்லக் கத்துக் குடுத்ததுக்கு நாகரத்தினம் பரிசு குடுத்தான்னு சொல்லுவான். கடைசிப் பக்கத்தை மாத்தச் சொல்லுங்க. ஏதாவது ஒரு தண்டனை. சின்னதா இருந்தாலும் பரவாயில்லைங்க. இல்லேன்னா கப் கிடையாது."

கப் இல்லாவிட்டால் சிபாரிசும் சந்தேகந்தான். நானும் ஹெட்மாஸ்டரும் பாலக்கரைக்குப் புறப்பட்டோம். வழி நெடுக ஹெட்மாஸ்டர், பிள்ளை சொல்வது நியாயம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கோமதி அம்மாளுக்கு முப்பது வயது இருக்கலாம். ஒற்றை அறை, ஒரு சமையலறை. கட்டிலுக்கடியில் விற்காத அம்புஜங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. எங்களைப் பாயில் உட்காரச் சொல்லிக் காப்பி கொண்டுவந்தார். ஹெட்மாஸ்டர் வெளியில் எதையும் சாப்பிடமாட்டார். ஆகவே இரண்டு டம்ளரும் எனக்கு வந்தன.

ஹெட்மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். கோமதி அம்மாள் கேட்டுக்கொண்டார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"கப்பு வேணாம்னு சொல்லமாட்டேங்க. ஆசையாத்தான் இருக்கு. வெள்ளின்னு இந்த வீட்டுல ஒரு குங்குமச் சிமிழ்தான் இருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "என்ன தண்டனை குடுக்கலாம்? நீங்களே சொல்லுங்க சார். உங்களுக்குத்தான் பழக்கம்."

உண்மையாகவே கேட்டார். கிண்டல் இல்லை. ஹெட்மாஸ்டரும் உண்மையாகவே யோசித்தார்.

"அம்மாக்காரி நாலு அடி போடலாம்."

"அந்த அம்மா அடிக்கமாட்டாங்களே."

"ஏன்?"

"அவங்களுக்குத் தெரியும் சார். பாவாடையில ஆத்து மணல் இருக்கே. கோயிலுக்குப் போனா மணல் எப்படி ஒட்டும்? அக்கரைக்குப் போயிட்டு வந்திருக்கான்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. இவ்வளவு தூரம் போயிட்டு வந்திருக்கே, பசிக்குமேன்னுதான் இன்னொரு கை சாதம் வைக்கிறாங்க. அந்த அம்மா அக்கரைக்குப் போனதே இல்லைங்க."

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க ரெண்டு பசங்களுக்கும் தட்டம்மை போட்டிருந்தப்ப, படுக்கையை விட்டு எழுந்திருக்காம இருக்கணுமேன்னு சொன்ன கதை இது. ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாலும் ரெண்டும் கத்தும். இப்ப அடி விழுந்துச்சுன்னு எழுதினா, அதுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"பாவாடையிலே மணல்னு புஸ்தகத்திலே இருக்கோ?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"இருக்கு சார். கடைசிக்கு முந்தின பக்கம்."

ஹெட்மாஸ்டர் கட்டிலுக்கடியிலிருந்த ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். தேர்தலை நடத்தினவர், இரண்டு தடவை எண்ணினவர்… புத்தகத்தை அதுவரை படிக்கவில்லை. நான் இரண்டாவது காப்பியைக் குடித்தேன். கோமதி அம்மாள் உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தார். ஹெட்மாஸ்டர் படித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் இரண்டு பக்கம் பின்னால் போய் மறுபடி படித்தார். கடைசியில் மூடினார்.

"பதினோராம் பக்கத்திலே ஒரு சந்திப்பிழை இருக்கு" என்றார். "அதை மட்டும் மாத்திடுங்கோம்மா."

எழுந்து வெளியே வந்துவிட்டார். பாலக்கரையிலிருந்து பெரியகடை வீதி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சம்பவம் என்று புரியும்.

பிள்ளை கடையில் தராசில் தாழ்ப்பாள் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி, மாத்துறாங்களா?"

"ஒரு இடத்திலே மாத்தறா. சந்தி."

"சந்தி கிடக்கட்டுங்க. தண்டனை?"

"தண்டனை இல்லை."

"அப்ப கப்பும் இல்லீங்க."

"பிள்ளைவாள்," என்றார் ஹெட்மாஸ்டர், "குழந்தைகள் ஓட்டுப் போட வேண்டாம்னு சொன்னவன் நான். போடட்டும்னு சொன்னது நீங்க. போட்டுட்டா. நான் எண்ணிட்டேன். முடிவு பிடிக்கலைன்னு நீங்க சொல்லலாம். என் புஸ்தகத்துக்கு ரெண்டு கொட்டை விழுந்திருக்கு, எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா என்ன? ஆனா முடிவு இல்லைன்னு யாரும் சொல்லப்படாது. ஞாயித்துக்கிழமை கோப்பை இருந்தாலும் இல்லாட்டாலும் அந்த அம்மா பேரை நான் வாசிப்பேன்."

கடைச் சிப்பந்திகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிள்ளையிடம் இப்படிப் பேச வேண்டுமானால் அவர் கடையில் கடன் பாக்கி இருக்கக் கூடாது. ஹெட்மாஸ்டர் எந்தக் கடையிலும் கடன் சொல்லாதவர். அது இந்த மாதிரி நேரத்தில் உதவுகிறது.

கையோடு கொண்டுவந்த புத்தகத்தைத் தராசுத் தட்டில், தாழ்ப்பாள்களின் மேல் வைத்தார். "முன்னாலேருந்து படியுங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு விழா. ஹால் நிறையக் குழந்தைகள். அவர்களுக்குக் கப் விவகாரம் ஒன்றும் தெரியாது. கோமதி அம்மாள் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். கப் வராது என்று நான் முன்னாடியே சொல்லிவிட்டேன். இருந்தாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேஜையில் மாலை இருந்தது. கப் இல்லை. பிள்ளையின் நாற்காலி காலி.

ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். புத்தகத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் தெளிவாக, ஹால் கோடி வரை கேட்கும்படி வாசித்தார். குழந்தைகள் கைதட்டினார்கள். நிறுத்தச் சொல்லும்வரை தட்டினார்கள். கோமதி அம்மாள் மேடைக்கு வந்து நின்றார். ஞானம் டீச்சர் மாலையைப் போட்டார். மேற்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் பின்வாசல் வழியாகப் பிள்ளை வந்தார். கையில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். ஆணி கட்டித் தருகிற அதே மாதிரிக் கட்டு. நேராக மேடையேறினார். சபைக்கு வணக்கம் சொல்லவில்லை. பொட்டலத்தையும் கொடுக்கவில்லை. கோமதி அம்மாளிடம் கேட்டார்:

"அம்மா, ஒண்ணு கேக்கணும். மூணு நாளாத் தூக்கமில்லை. அந்தப் பொண்ணு மறுபடியும் போச்சா?"

கோமதி அம்மாள் மாலையைச் சரிசெய்துகொண்டார். "எனக்குத் தெரியாதுங்க. அவங்களைக் கேட்டுப் பாருங்க" என்று குழந்தைகளைக் காட்டினார்.

முன்வரிசையில் ஒரு திருவானைக்காவல் பெண் எழுந்தாள். "போனா மாமா. அடுத்த வாரமே போனா."

"இல்லை" என்றான் உறையூர்ப் பையன் ஒருவன். "ஆத்துல வெள்ளம் வந்துடுச்சு. தை மாசம்தான் போக முடிஞ்சுது."

"அம்மாவையும் கூட்டிண்டு போனா" என்று ஒரு குரல் கேட்டது. வைதேஹி. யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. தெரிந்துகொண்டதாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளை பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சரக்கு விலை கேட்கிற மாதிரி ஒவ்வொருவர் சொல்வதையும் தலைசாய்த்துக் கேட்டார். ஹெட்மாஸ்டர் அவர்களை அடக்கவில்லை. அடக்க மறந்துவிட்டாரா, வேண்டாமென்று விட்டாரா என்று தெரியவில்லை.

ஒருவழியாகப் பிள்ளை பேப்பரைப் பிரித்துக் கோப்பையைக் கோமதி அம்மாள் கையில் கொடுத்தார்.

"அடுத்த புஸ்தகம் எழுதுங்கம்மா. அது மறுபடி போன கதையை."

"எழுதலாங்க" என்றார் கோமதி அம்மாள். கோப்பையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, நிதானமாகக் கேட்டார்: "அதுலயாவது தண்டனை வேணுங்களா?"

பிள்ளை பொட்டலப் பேப்பரை நாலாக மடித்துக்கொண்டார்.

"மொதல்ல போயிட்டு வரட்டும்" என்றார். "அப்புறம் பார்த்துக்கலாம்."

அடுத்த வருஷமும் தேர்தல் உண்டு என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது. அதில் பெரியவர்களுக்கும் ஓட்டுக் கொடுக்கலாமா என்று ஞானம் டீச்சரிடம் விசாரித்தேன்… யோசித்துச் சொல்கிறாராம்.